இரை உண்ணாத பாம்பு

வன்னி நாட்டிற் பிறந்து வளர்ந்தவருக்குப் பாம்பு புதுமையானதன்று. குளக்கட்டிலும் வயல் வரம்பிலும், விறகுக் குவியலிலும் பாழ்ங்கிணற்றிலும் அதனைக் கண்டு பழகியவர் நாம். கிளிநொச்சி மாவட்டத்துப் புளியம்பொக்கணையிலும், வவுனியாவுக்கு வடக்கே புளியங்குளத்தை அடுத்த புதூரிலும் நாகதம்பிரானுக்குக் கோயில் எடுத்துப் பொங்கலிட்டு வழிபடுகின்றோம். அதே வேளையிற் பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்று கூறிக் கையிற் கிடைத்த தடியை ஓங்குவோரும் நாமே. தொழுதலும் அடித்தலுமாகிய இவ்விரு வழக்கங்களுக்கும் இடையில் மூன்றாவதொன்றும் உண்டு. பாம்பைப் பிடித்து அடைத்து வைத்து, அதன்பாற் கொண்ட வியப்பினாலோ இரக்கத்தினாலோ அதற்கு ஊணூட்ட முயல்வதே அது. இம்மூன்றாவது வழக்கமே இக்கட்டுரைக்குப் பொருளாகும்.

ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒட்டுசுட்டானை அடுத்த ஒரு சிற்றூரில், விடியற்காலையிற் கோழிக்கூட்டினுள் ஒரு வெங்கிணாந்தி காணப்படுகின்றது. இரவில் வலைக்கம்பியின் இடுக்கால் நுழைந்த அது, இரண்டு கோழிகளை விழுங்கிவிட்டு, பருத்த வயிற்றோடு வந்த வழியே மீள முடியாமற் கிடக்கின்றது. அடிக்கத் துணிந்தோரை அவ்வீட்டு மாணவன் தடுத்து, பாம்பை ஒரு தகரப் பீப்பாவில் இட்டு மூடி, அதனை வளர்ப்பதென்று முடிவு செய்கின்றான். மறுநாள் ஒரு கோழிக்குஞ்சை உள்ளே விடுகின்றான், பாம்பு தொடவில்லை. மூன்றாம் நாள் ஓர் எலி, அதுவும் பயனில்லை. ஐந்தாம் நாள் ஒரு கிண்ணம் பால். பத்தாம் நாள் ஊரார் கூடிப் பாம்பின் வாயைத் திறந்து இறைச்சியைத் திணிக்கலாமா என்று ஆராய்கின்றனர். இவ்விடத்தில் நிறுத்தி, உண்ணாத பாம்பு எதனைத் தெரிவிக்கின்றது, அதனைக் காப்பவன் செய்யத்தக்கது யாது என்னும் இரு வினாக்களுக்கும் விடை காண்போம்.

பாம்பின் பசி

நமது பசியை அளவுகோலாகக் கொண்டு பாம்பின் பசியை அளப்பதே முதற் பிழை. மனிதனும் மாடும் கோழியும் உண்ணும் உணவிற் பெரும்பகுதியைத் தம் உடலின் வெப்பத்தைக் காத்தற்கே செலவிடுகின்றன. நாள்தோறும் உண்ணாவிடின் அவ்வடுப்பு அணைந்துவிடும். பாம்பினிடத்து அத்தகைய அடுப்பு இல்லை. அது தன் வெப்பத்தை வெயிலிலிருந்தும் நிலத்திலிருந்தும் பெற்றுக்கொள்ளும். ஆதலால், உடற்பருமனில் ஒத்த ஒரு முலையூட்டிக்கு வேண்டிய உணவில் மிகச் சிறிய பங்கே பாம்புக்குப் போதும்.

பாம்பின் சமிபாட்டு உறுப்புகளும் நம்முடையன போல எந்நேரமும் தொழிற்படுவனவல்ல. பெரிய இரையை இடையிட்டு உண்ணும் மலைப்பாம்பினம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நம் வெங்கிணாந்தியின் நெருங்கிய உறவாகிய பர்மிய மலைப்பாம்பை வைத்து அமெரிக்க ஆய்வாளர் நடத்திய பரிசோதனைகளில், பேரிரை ஒன்றை விழுங்கியபின் அதன் ஒட்சிசன் நுகர்வு ஓய்வு நிலையினும் 40 மடங்குக்கு மேல் உயர்ந்தமை கண்டறியப்பட்டது. இரை உண்ட 48 மணித்தியாலத்தில் அதன் இதயவறையின் திணிவு ஏறத்தாழ 40 சதவீதம் பெருகியதென 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. குடலும் ஈரலும் சிறுநீரகமும் அவ்வாறே பருத்துத் தொழில் முடிந்ததும் சுருங்குகின்றன. விழா நாளில் மட்டும் அடுப்பு மூட்டி, மற்றை நாட்களில் மடைப்பள்ளியைப் பூட்டி வைக்கும் கோயிலைப் போன்றது பாம்பின் வயிறு.

உணவு கிடையாத காலத்தைப் பாம்பு எவ்வாறு கழிக்கின்றது என்பதும் ஆராயப்பட்டுள்ளது. மார்சல் மக்கியூ என்னும் அமெரிக்க உயிரியலாளர் மூவகைப் பாம்புகளை ஏறத்தாழ ஆறு மாதம் உணவின்றி வைத்து ஆராய்ந்து, 2007ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டார். ஆய்வுக்குட்பட்ட பாம்புகள் தம் அனுசேப வீதத்தை 72 சதவீதம் வரை தாழ்த்திக்கொண்டன; உடல் நிறையில் 9 முதல் 24 சதவீதம் வரை இழந்தன; ஆயினும், வியக்கத்தக்க வகையில், நீளத்தில் வளர்ந்தன. செலவைச் சுருக்கிச் சேமிப்பில் வாழும் கலையில் வல்லது பாம்பு என்பது இதனாற் புலனாகும். ஆகவே, பத்து நாள் உண்ணாத பாம்பு பட்டினியால் மாளப்போகின்றது என்று அஞ்சுவது, காலையுணவைத் தவிர்த்த மனிதனைச் சாகக் கிடப்பவனாகக் கருதுவதை ஒக்கும்.

உண்ணாமைக்குரிய காரணங்கள்

உண்ணாமை ஒரு நோயன்று. அது ஓர் அறிகுறி. அதன் பின்னே நிற்கும் காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, முன்னரே உண்டிருத்தல். மேற்கூறிய கற்பனைப் பாம்பின் வயிற்றில் இரண்டு கோழிகள் இருந்தன. அவை செரித்து முடிய ஒரு கிழமைக்கு மேலும் செல்லலாம். அதன் முன் கோழிக்குஞ்சை நீட்டுவது, விருந்துண்டு எழுந்தவனை மீண்டும் பந்தியில் இருத்துவதாகும். மேலும், இரை உண்ட பாம்பைத் தூக்கியும் அசைத்தும் அச்சுறுத்தினால் அது உண்டதைக் கக்கிவிடும். விரைந்து தப்பியோடுதற்கு வயிற்றுப் பாரம் தடையாதலே இதற்குக் காரணம்.

இரண்டாவது, வெப்பக் குறைவு. சமிபாட்டு நொதியங்கள் தொழிற்படுதற்குப் பாம்பின் உடல் சூடேற வேண்டும். வெங்கிணாந்தி போன்ற அயனமண்டலப் பாம்புகளுக்கு 28 முதல் 32 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பநிலை உகந்தது. குளிர்ந்த வயிற்றிற் கிடக்கும் இரை செரியாது அழுகும். அழுகிய இரை பாம்பையே நஞ்சூட்டும். ஆதலாற் குளிர்ந்த பாம்பு இரையை மறுத்தல் அதன் நலத்துக்கு உற்ற செயலே. வன்னியில் மார்கழி, தை மாதத்து இரவுகள் 20 பாகையை அணுகும் குளிருடையன. மாரி மழையில் வெயில் காணாத நாட்களும் பல. அக்காலத்தில் நிழலான அறையிற் சீமெந்துத் தரைமேல் வைக்கப்பட்ட பாம்பு உண்ண மறுப்பதில் வியப்பில்லை.

மூன்றாவது, செட்டை கழற்றுதல். பாம்பின் கண்ணுக்கு இமை இல்லை. அதனை ஓர் ஒளிபுகு செதில் மூடியுள்ளது. செட்டை கழற்றுங் காலம் நெருங்கும்போது பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே நீர்மம் சுரக்க, உடல் மங்கிக் கண் பால்நிறமாகும். பார்வை குன்றி, தோல் மென்மையுற்றிருக்கும் அந்த ஒன்றிரண்டு கிழமைகளிற் பெரும்பாலான பாம்புகள் உண்பதில்லை. எளிதிற் சினமும் கொள்ளும். செட்டை கழன்றபின் பசி தானாக மீளும்.

நான்காவது, இனப்பெருக்கம். துணை தேடும் பருவத்தில் ஆண் பாம்புகள் பல கிழமைகள் உணவை மறந்து அலையும். பெண் மலைப்பாம்போ முட்டையிட்டபின் அவற்றைச் சுற்றிச் சுருண்டு, குஞ்சு வெளிவரும் வரை, ஏறத்தாழ இரண்டு மாதமும் சில வேளை அதற்கு மேலும், அடைகிடக்கும். இது பற்றி ஒரு சுவையான வரலாறு உண்டு. இந்தியாவிற் பயணஞ் செய்து மீண்ட லமார்-பிக்கோ என்னும் பிரெஞ்சுக்காரர், மலைப்பாம்பு தன் முட்டைகளுக்குச் சூடு கொடுக்கின்றது என்று 1832ஆம் ஆண்டிற் பாரிசு அறிவியற் கழகத்துக்குத் தெரிவித்தபோது அறிஞர்கள் நம்ப மறுத்தனர். 1841இல் பாரிசு விலங்குக் காட்சிச்சாலையில் ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகிடக்க, வலன்சியென் என்னும் விலங்கியலாளர் வெப்பமானியைக் கொண்டு அளந்து அவர் கூற்று மெய்யென நிறுவினார். 1966ஆம் ஆண்டில் நியூயோர்க்கு விலங்குக் காட்சிச்சாலைப் பாம்பொன்றைக் கொண்டு நடத்திய ஆய்வு, தசைகளை இடையிடையே சுருக்கித் துடிக்கச் செய்வதனால் அடைகாக்கும் தாய் சூழலினும் சில பாகை மிகுந்த வெப்பத்தை உண்டாக்குகின்றது என விளக்கிற்று. இத்தனை உழைப்பும் வெறும் வயிற்றோடு நடைபெறுவதே குறிப்பிடத்தக்கது. இவ்விரதத்தைக் கலைக்க முனைவது தாயையும் முட்டைகளையும் ஒருங்கே கெடுப்பதாகும்.

ஐந்தாவது, அச்சம். புதிதாகப் பிடிக்கப்பட்ட பாம்புகள் உண்ணாமைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஒளிந்து வாழ்தற்கென அமைந்த உயிர் பாம்பு. ஒதுங்க ஓர் இருண்ட இடமின்றி, நாற்புறமும் கண்கள் நோக்க, அடிக்கொரு தரம் மூடி திறக்கப்படும் பீப்பாவினுள் அதற்குப் பசி தோன்றாது. பகைவர் சூழ்ந்திருக்க உண்பவன் எவன்? பாம்பின் கால் பாம்பறியும் என்பர். அதன் அச்சத்தை நாம் அறிந்துகொள்ளச் சிறிது முயற்சி வேண்டும்.

ஆறாவது, பழக்கமில்லாத இரை. பாம்புகள் யாவும் எலி உண்பன என்பது பொதுவாகச் சரியன்று. தண்ணீர்ப் பாம்புக்கு மீனும் தவளையும் வேண்டும். சாரை எலியையும் தவளையையும் விரும்பும். சிறு பாம்புகள் பலவற்றுக்குப் பல்லியும் ஓணானும் உணவு. நாகம் எலி, தவளை, பல்லி, பிற பாம்பு எனப் பலவும் உண்ணும். இவற்றுள் ஒன்றுக்கு மற்றொன்றின் உணவை வைத்துவிட்டு, அது உண்ணவில்லையெனக் கவலுதல் வீண்.

இறுதியாகவே நோயை எண்ண வேண்டும். வாய்ப்புண், மூச்சுக்குழல் அழற்சி, குடற்புழு, உண்ணித் தொல்லை ஆகியன பசியைக் கெடுக்கும். காட்டிலிருந்து வந்த பாம்பின் செதில்களுக்கிடையே உண்ணிகள் ஒட்டியிருத்தல் சாதாரணமாகக் காணப்படுவது.

பாலும் முட்டையும்

இவ்விடத்திற் பால் பற்றிச் சில கூறுதல் வேண்டும். நாகதம்பிரான் சந்நிதியிற் பாலும் முட்டையும் வைத்து வழிபடுதல் நம் முன்னோர் வழக்கு. அது தெய்வத்துக்கு இடும் நிவேதனம்; அடியவரின் அன்புக்கு அடையாளம். அதனை இக்கட்டுரை குறை கூறவில்லை. ஆனாற் கூண்டில் உள்ள பாம்புக்குப் பாலை உணவாக ஊட்டுதல் வேறு. பால் முலையூட்டிகள் தம் குட்டிகளுக்குச் சுரப்பது. ஊர்வனவற்றுக்கு அது இயற்கையுணவன்று. நீர் வேட்கை மிகுந்த பாம்பு முன்னே வைத்த எந்த நீர்மத்தையும் பருகும். பால் பருகியதென்றால் அது தாகத்தைக் காட்டுமேயன்றி விருப்பத்தைக் காட்டாது. இந்தியாவில் நாகபஞ்சமி நாளிற் பாம்பு பால் குடிப்பதாகக் காட்டும் பொருட்டு, சில பாம்பாட்டிகள் அதற்குப் பல நாள் முன்னரே நீரும் கொடாமல் வாட்டி வைப்பது விலங்கு நலம் பேணுவோராற் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. அவ்வாறு பருகிய பால் செரியாது குடலைக் கெடுக்கும். நுரையீரலுட் புகுந்தால் உயிரையே போக்கும். பாம்புக்குப் பால் வார்ப்பது தீயோர்க்கு உதவுவதற்கு உவமையாக நம்மிடை வழங்குகின்றது. உண்மையில் அச்செயலால் முதலிற் கெடுவது வார்ப்பவனல்லன், பாம்பே.

முட்டையின் நிலை சற்று வேறு. நாகம் சில வேளைகளிற் பறவை முட்டையை விழுங்குவதுண்டு. ஆயினும் எல்லாப் பாம்புகளும் முட்டை உண்பனவல்ல. வெங்கிணாந்திக்கு அது இரையன்று.

நம் நாட்டிற் பாம்பைக் கூடையிற் காத்து வாழ்ந்தோர் குறவர் எனப்படும் சமூகத்தார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இவர்கள் அநுராதபுர மாவட்டத்துக் குடாகமவிலும், அக்கரைப்பற்றை அடுத்த அளிக்கம்பையிலும் குடியேறி வாழ்கின்றனர். தொன்றுதொட்டு நாகத்தோடு பழகிய இச்சமூகத்தின் இளையோர் பலர் இன்று வேறு தொழில்களை நாடிவிட்டனர். பாம்போடு வாழ்தல் ஒரு தொழில், அதற்குத் தலைமுறை தலைமுறையான பயிற்சி வேண்டும் என்பதை அவர்களது வாழ்க்கை நமக்கு உணர்த்தும். ஒரு நாள் ஆர்வத்தினாற் பீப்பாவில் இட்டு வைத்தல் அப்பயிற்சிக்கு ஈடாகாது.

செய்யத்தக்கன

கனடாவிலும் இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் வாழும் நம் பழைய மாணவர் சிலரின் வீடுகளிற் பிள்ளைகள் பாம்பு வளர்க்கும் செய்தி இப்போது கேட்கப்படுகின்றது. அந்நாடுகளிற் கூண்டிற் பிறந்து வளர்ந்த சோளப்பாம்பும், மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பும் சட்டத்துக்கு அமையக் கடைகளில் விற்கப்படுகின்றன. இப்பந்து மலைப்பாம்பு உண்ணாமைக்குப் பேர் போனது. பல மாதம் இரையைத் தொடாதிருந்து, பின் ஒரு நாள் ஒன்றும் நடவாததுபோல உண்ணத் தொடங்கும். அத்தகைய வீடுகளுக்கும், ஏதேனுங் காரணத்தாற் பாம்பொன்றைச் சில நாள் காக்க நேர்ந்தோர்க்கும் பின்வருவன பயன்படும்.

முதலிற் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை பாம்பைத் தொடாமலும், அடிக்கடி பாராமலும் விடுக. பெரும்பாலான உண்ணாமைக்கு இதுவே மருந்து.

இரண்டாவதாக, வெப்பத்தைச் சீர்செய்க. கூண்டின் ஒரு புறம் 30 முதல் 32 பாகை வரையும், மறுபுறம் 25 அல்லது 26 பாகையும் இருத்தல் நன்று. வேண்டும் வெப்பத்தைப் பாம்பு தானே நாடிக்கொள்ளும். கையால் தொட்டு மதிப்பிடாது வெப்பமானியால் அளக்க வேண்டும். வன்னியைப் பொறுத்தவரை குளிரினும் வெப்பமே கொடியது. பங்குனி, சித்திரை வெயிலில் வைக்கப்பட்ட தகரப் பீப்பா சிறிது நேரத்தில் அடுப்பாக மாறும். 40 பாகையை எட்டும் சூட்டிற் சிக்கி, ஒதுங்க வழியில்லாத பாம்பு இறந்துபடும்.

மூன்றாவதாக, ஒளிவிடம் அமைக்க. பாம்பு சுருண்டு கிடக்கையில் அதன் உடல் சுவர்களைத் தொடுமளவு சிறிய, ஒரே வாயிலுடைய பெட்டியோ கவிழ்த்த மண்சட்டியோ போதும். இடம் பெரிதாயின் அதற்கு அமைதி உண்டாகாது.

நான்காவதாக, நீர். உணவின்றிப் பல மாதம் வாழும் பாம்பு நீரின்றி வாழாது. அது தலையை அமிழ்த்திப் பருகவும் வேண்டின் உடலை நனைக்கவும் ஏற்ற அகன்ற பாத்திரத்தில் நாள்தோறும் புதுநீர் வைக்க. தோல் சுருங்கிக் கண் குழிந்திருப்பின் அது நீர்க்குறைவின் அடையாளம்.

ஐந்தாவதாக, இரை. பாம்பின் உடலில் மிகப் பருத்த பகுதியின் அளவுக்கு மேற்படாத இரையைத் தெரிவு செய்க. உயிருள்ள எலியைக் கூண்டினுள் விட்டு வைத்தல் ஆகாது; பசியற்ற பாம்பை எலி கடித்துக் குதறிய நிகழ்ச்சிகள் பல. கொல்லப்பட்ட இரையைச் சிறிது சூடாக்கி, மாலை மங்கியபின் ஒளிவிடத்தின் வாயிலில் வைத்து விலகிவிடுக. மலைப்பாம்பின் உதட்டுக் குழிகள் வெப்பத்தை உணரும் உறுப்புகள். குளிர்ந்த இரையை அது இரையென அறியாமலே விடலாம். விடியும்வரை உண்ணாவிடில் அதனை அகற்றி, ஒரு கிழமை கழிந்தே மீண்டும் முயல்க. நாள்தோறும் முயல்வது அச்சத்தையே வளர்க்கும். எலியை மறுத்தாற் கோழிக்குஞ்சு, அதனையும் மறுத்தால் வேறொன்று என இரையை மாற்றிப் பார்க்கலாம்.

ஆறாவதாக, குறிப்பேடு. இதனைச் சிறிதெனக் கருதுதல் ஆகாது. கிழமைக்கு ஒருமுறை பாம்பைப் பைக்குள் இட்டு நிறுத்து, நிறையை நாளுடன் எழுதி வைக்க வேண்டும். செட்டை கழற்றிய நாள், மலங்கழித்த நாள், இரை வைத்த நாள் ஆகியனவும் அதில் இடம்பெறுக. 4 கிலோகிராம் நிறையுள்ள பாம்பு ஆறு கிழமை உண்ணாதிருந்து 3.9 கிலோகிராமாகக் குறைந்தால், இழப்பு 2.5 சதவீதமே; அஞ்ச வேண்டியதில்லை. அது 3.6 கிலோகிராமுக்கு இறங்கினால், இழப்பு பத்தில் ஒன்றாகும். அப்போது மிருகவைத்தியரை நாடுதல் வேண்டும். அச்சத்துக்கும் அலட்சியத்துக்கும் நடுவே நின்று தீர்ப்புக் கூறுவது தராசு ஒன்றே.

நிறை குறையாவிடினும் சில அறிகுறிகள் காலந் தாழ்த்தலாகாதவை. வாயைத் திறந்தபடி மூச்சு விடுதல், மூக்கிலோ வாயிலோ குமிழி தோன்றுதல், ஈறு சிவந்து சீழ் கட்டுதல், உண்டதைத் திரும்பத் திரும்பக் கக்குதல், முதுகெலும்பு கூர்ந்து தோன்றுதல் ஆகியன அவை. பொரித்த குஞ்சுகளுக்கும் கூடிய கவனம் வேண்டும். அவை முதற் செட்டை கழற்றும்வரை வயிற்றில் எஞ்சிய கருவூணால் வாழும்; அதன்பின் அவற்றின் சேமிப்பு மிகச் சிறிது. வளர்ந்த பாம்பு ஆறு மாதம் பொறுக்கும் பட்டினியைக் குஞ்சு ஆறு கிழமையும் தாங்காது போகலாம்.

செய்யத்தகாதன

வாயைத் திறந்து இரையைத் திணித்தல் யாவற்றிலும் தீயது. பாம்பின் பற்கள் நுண்ணியன, தாடையெலும்புகள் மெல்லியன, களமோ எளிதிற் கிழிவது. மூச்சுக்குழலின் வாய் நாவின் அடியிலேயே அமைந்திருத்தலால் நீர்மம் நுரையீரலுட் புகுதல் மிக எளிது. அவ்வாறு திணித்த உணவையும் அஞ்சிய பாம்பு பெரும்பாலும் கக்கிவிடும். உணவோடு சேர்த்துத் தன் உடல்நீரையும் அது இழக்கும். திணித்தூட்டல் வேறு வழியில்லாத நிலையிற் பயின்ற வைத்தியரே கையாளத்தக்க சிகிச்சை, வீட்டில் முயலத்தக்கதன்று.

நெடுநாட் பட்டினிக்குப் பின் பேரிரை கொடுத்தலும் பிழை. சுருங்கிய குடலும் ஈரலும் மீண்டும் விரியக் காலம் வேண்டும். நீண்ட பட்டினி கிடந்த மனிதருக்கு முதல் நாளிலேயே பெருஞ்சோறு இட்டால் உயிருக்கு ஆபத்து நேர்தல் மருத்துவர் அறிந்தது, பாம்புக்கும் அவ்வாறே. முதலில் நீர், பின்னர் வழக்கமான அளவில் மிகச் சிறிய பங்கு, அது செரித்து மலங்கழிந்தபின் அடுத்தது என்பதே முறை. உண்டதைக் கக்கிய பாம்புக்கு இரு கிழமையாவது ஓய்வு கொடுத்தல் வேண்டும்.

நச்சுப் பாம்பைப் பற்றி இவ்வளவு விரித்துரைக்க வேண்டியதில்லை. நாகம், புடையன், எட்டடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை எவரும் வீட்டில் வைத்து ஊட்ட முயலலாகாது. 2012, 2013ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் மதிப்பீட்டின்படி, ஓராண்டில் ஏறக்குறைய 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகின்றனர். 400 பேருக்கு மேல் இறக்கின்றனர். வயலிலும் வழியிலும் அறியாது நேரும் இத்துயரோடு, அறிந்தே தேடிக்கொள்ளும் ஒன்றையும் சேர்த்தல் அறிவுடைமையாகாது.

விடுதலையே விடை

இனி, ஒட்டுசுட்டான் மாணவனிடம் மீள்வோம். மேற்கூறிய யாவற்றையும் அவன் செய்தால் அவனது வெங்கிணாந்தி ஒருவேளை உண்ணும். ஆயின், அதற்கு முன் அவன் தன்னை வினவிக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: அப்பாம்பு அங்கே ஏன் இருக்கின்றது? 1937ஆம் ஆண்டின் வனவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 2009ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் வெங்கிணாந்தியைக் காக்கப்படும் உயிராகக் கொண்டுள்ளன. அதனைக் கொல்லுதல் போலவே அனுமதியின்றிப் பிடித்து வைத்தலும் குற்றமாகும். இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனையே கூறுகின்றது. ஆகவே நம் நாட்டிற் காட்டுப் பாம்பு உண்ண மறுக்கும்போது செய்யத்தக்கது, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவித்து அதனை ஒப்படைப்பதே. பிடித்த இடத்துக்கு அண்மையான காட்டில் அது விடப்படுதல் நன்று. அறியாத நிலத்திற் கொண்டுபோய் விடப்படும் பாம்பு, ஒளிவிடமும் நீரும் இருக்குமிடம் தெரியாது அலைந்து மடிதல் கூடும்.

பாம்பைக் கையாளுதலையே தொழிலாகக் கொண்டோரும் இதனை உணர்ந்துள்ளனர். தமிழ்நாட்டில் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், 1978ஆம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. முன்னர்த் தோலுக்காகப் பாம்பைக் கொன்று வாழ்ந்த அம்மக்கள், இப்போது நாகத்தையும் விரியனையும் பிடித்து மண்பானைகளிற் சில கிழமை மட்டும் காத்து, மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்தபின், அடையாளமிட்டுக் காட்டிலே விட்டுவிடுகின்றனர். பாம்பை அவர்களினும் நன்கறிந்தோர் சிலரே. அவர்களே அதனைத் தம்மிடம் நெடிது வைத்திருப்பதில்லை.

கோழிகளை இழந்த வீட்டாரின் குறையும் புறக்கணிக்கத்தக்கதன்று. சிறு கண்ணுள்ள வலைக்கம்பியாற் கூட்டை அடைத்து, நிலத்தோடு சேரும் இடுக்கைக் கல்லால் மூடினால் அக்குறை தீரும். மறுபுறம், இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் நெல் விதைக்கும் கமக்காரனுக்குப் பயிரை அறுக்கும் எலியே பெரும்பகை. அப்பகையைக் கூலி கேளாது களையும் காவலாளர் சாரையும் அதன் இனத்தவையுமே. இரண்டு கோழிக்காக ஒரு வெங்கிணாந்தியைச் சிறையிடுவதும், அச்சத்தினால் ஒரு சாரையை அடிப்பதும் நம் வயலுக்கு நாமே செய்யும் தீங்காகும்.

இரை உண்ணாத பாம்பு நம் அன்பை மறுக்கவில்லை. தான் இருக்கும் இடத்தையே அது மறுக்கின்றது. சில வேளை வெப்பத்தையும், சில வேளை பார்வையாளரையும், சில வேளை கூண்டு முழுவதையும் அது வேண்டாமென்கின்றது. அதன் வாயைத் திறக்க முனையுமுன், கூண்டின் வாயைத் திறக்கலாமா என எண்ணிப் பார்த்தல் காப்போன் கடனாகும்.